தெரியாத மொழிக்காரரோடு கொடுக்கல் வாங்கல்

(நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில், சிறுதொழில் செய்யும் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மஃரிப் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் இவ்வளவு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதே இந்த விஷயம் எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கிறது என்பது தெரிகிறது. நம் மஹல்லாவில் வீட்டிலிருந்தபடியே அபாயா தைத்து விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். ஹிஜாப் பின், தையல் மிஷின் பாகம், பேக்கிங் பை என்று எதையாவது இணையம் வழியே சீனாவிலிருந்து நேரடியாக வாங்கிப் பார்க்கலாமா என்று எங்களிடம் கேட்டு வருவோரும் மாதம் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். வாங்குவது தவறில்லை. ஆனால் விற்பவருக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது. இருவரும் அரைகுறை ஆங்கிலத்திலும் கைப்பேசியின் மொழிபெயர்ப்பிலும் பேசிக்கொள்கிறோம். பணம் மட்டும் முழுசாகப் போகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், நாங்கள் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

300 துணிகள், ஒரே நிறம்

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தையலில் கைதேர்ந்தவர். அவருக்கு நமது அறக்கட்டளையிலிருந்து 40,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். ஆறு நிறங்களில், நிறத்துக்கு 50 வீதம், 300 ஹிஜாப் துணிகள் வரவழைத்து ரமளானுக்கு முன் விற்பது அவருடைய திட்டம். கணக்கைப் பார்த்தோம், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டோம். அவர் அந்த விற்பனையாளரோடு என்ன பேசியிருக்கிறார் என்பதை மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

பெட்டி வந்தது. பிரித்தால் 300 துணியும் ஒரே காபி நிறம். விளம்பரப் படத்தில் ஒரு பெண் பொம்மையின் தலையில் சுற்றியிருந்த அதே நிறம்.

அந்த சகோதரி எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதார். நாங்களும், “வெளிநாட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்றே முதலில் நினைத்தோம். பிறகு அவருடைய கைப்பேசியை வாங்கி உரையாடலை முதலிலிருந்து படித்தோம். அதில் அவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது இவ்வளவுதான்: “மிக்ஸ் கலர் நாட் அவைலபிள்?” பதில்: “யெஸ் டியர்.” அடுத்து இவர், “ஓகே, 300 பீஸ்” என்று எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டார்.

நன்றாகக் கவனியுங்கள். தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம்? கடையில் போய், “கறுப்பு இல்லையா பாய்?” என்று கேட்டால், அவர், “ஆமா, இல்லை” என்பார். “ஆமா” என்றால், “நீங்கள் சொன்னது சரி, இல்லை” என்று பொருள். சீன மொழியிலும் இதே வழக்கம்தான். எதிர்மறையாகக் கேட்டால், கேட்டது சரி என்பதற்கு “சரி” என்பார்கள். அந்த விற்பனையாளர் அதைத்தான் ஆங்கிலத்தில் “யெஸ்” ஆக்கினார். அதாவது, “ஆமா, கலந்த நிறம் கிடையாது” என்றார். நம் சகோதரியோ ஆங்கிலச் சொல்லைப் பார்த்து, “இருக்கிறது” என்று எடுத்துக்கொண்டார். இருவரும் தமிழில் பேசியிருந்தால் பிழை வந்திருக்காது. இருவரும் சீனத்தில் பேசியிருந்தாலும் வந்திருக்காது. இருவருக்கும் சொந்தமில்லாத மொழியில் பேசியதால் வந்தது.

ஏமாற்று இல்லை என்பது தெரிந்த பின், நாங்கள் உட்கார்ந்து அந்த விற்பனையாளருக்குத் தெளிவாக எழுதினோம். “எங்கள் கேள்வியும் தெளிவில்லை. உங்கள் பதிலும் தெளிவில்லை. படங்கள் இதோ, உரையாடல் இதோ. இந்தப் பெண்ணிடம் 250 துணிகள் தேங்கி நிற்கின்றன.” முதலில் அவர், நீங்கள்தானே உறுதி செய்தீர்கள் என்றார். மூன்று நாள் பேசிய பிறகு, அடுத்த முறை பொருள் வாங்கும்போது வேறு நிறங்களில் 50 துணிகளை விலையில்லாமல் சேர்த்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டு, அப்படியே அனுப்பியும் வைத்தார். அதற்கு மேல் கிடைக்கவில்லை. மாதம் 4,000 வீதம் 10 மாதம் என்றிருந்த கடன் தவணையை மாதம் 2,500 வீதம் 16 மாதமாக மாற்றிக் கொடுத்தோம். அந்த சகோதரி காபி நிறத் துணியில் பூவேலை செய்து, இன்னமும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். “என் பெயரைச் சொல்லாதீங்க, ஆனா விஷயத்தைச் சொல்லுங்க, இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது” என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

மொழி ஒரு தடையா?

மொழி தெரியாததால் வியாபாரமே வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தம் எழுத்தர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அடுத்தவருடைய மொழியில் விஷயம் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை நமக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையின் காலி நகரத்தில் 1911-ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. அவர் யுன்னான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் உள்ள ஆண்டு 1409. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இந்தக் கரைகளில் யாருக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியிலேயே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழியிலும் வாசகம் வேறு. ஆனால் பொன், வெள்ளி, பட்டு என்று அதிலுள்ள பொருள் பட்டியல் மட்டும் மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றேதான்.

600 ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது இது: வாசகம் மொழிக்கு மொழி மாறும், பொருளின் பெயரும் எண்ணிக்கையும் மாறக் கூடாது. நம் வேலைக்கும் இதுதான் அடிப்படை. கதையாக எழுதாமல், பட்டியலாக எழுதுங்கள்.

எப்படி எழுதுவது?

தமிழிலேயே எழுதி இயந்திரத்தில் மொழிபெயர்க்கிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நாம் பேசும்போது எழுவாயை விட்டுவிடுவோம். “அனுப்பிடுங்க, பார்த்துட்டு சொல்றேன்” என்றால் நமக்குப் புரியும். எதை அனுப்புவது, யார் பார்ப்பது, எதைச் சொல்வது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அது ஏதாவது ஒன்றைத் தானாகப் போட்டுக்கொள்ளும். அதனால் இப்படி எழுதுங்கள்: “நீங்கள் ஒரு மாதிரித் துணியை அனுப்புங்கள். நான் அந்தத் துணியைப் பார்ப்பேன். பிறகு நான் 300 துணிகள் வாங்குவேன்.” பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கும். இருக்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். பேச்சுத் தமிழ் வேண்டாம். புத்தகத் தமிழே போதும்.

எண்களை எழுத்தால் எழுதாதீர்கள். “ஒன்றரை மீட்டர்” என்பதை 150 செ.மீ. என்று எழுதுங்கள். லட்சம் என்று எழுதாதீர்கள். நாம் லட்சத்தில் எண்ணுகிறோம். சீனர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். ஆங்கிலம் ஆயிரத்தில் எண்ணுகிறது. மூன்றும் மோதினால் ஒரு சைபர் கூடும், அல்லது குறையும். இலக்கத்தில், காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள்.

தேதியும் அப்படித்தான். 5/3 என்றால் நமக்கு மார்ச் 5. சீனர்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுபவர்கள். மாதம்தான் முன்னால் வரும். அவருக்கு அது மே 3 ஆகலாம். ரமளானுக்கு முன் வர வேண்டிய சரக்கு இரண்டு மாதம் கழித்து வந்து யாருக்கு என்ன பயன்? மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். “ரமளானுக்கு முன்”, “அடுத்த வாரம்” என்று எழுதாதீர்கள்.

அளவு என்று வரும்போது, அபாயாவில் 54, 56, 58 என்று நாம் சொல்வது தோளிலிருந்து கீழ்வரை உள்ள நீளம், அங்குலக் கணக்கில். இது தெரியாத தையற்கூடக்காரர் அதை வேறு ஏதோ அளவு என்று நினைக்க இடமுண்டு. நீளம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று ஒவ்வொன்றையும் செ.மீ. கணக்கில் கொடுங்கள். எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். என்ற எழுத்துகளை நம்பி வாங்காதீர்கள். அங்கே நாட்டுக்குள் விற்கும் உடைகளின் எக்ஸ்.எல். நம் எக்ஸ்.எல்.லைவிடச் சிறியதாக இருப்பதை வாங்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எண்ணிக்கையில் “பீஸ்”, “செட்”, “ஜோடி” மூன்றும் வேறு வேறு. தோடு 100 பீஸ் என்றால் 100 ஜோடியா, 50 ஜோடியா? ஹிஜாப் பின் 200 என்றால் 200 பின்னா, 200 பாக்கெட்டா? “ஒரு பாக்கெட்டில் 12 பின். நான் 200 பாக்கெட் வாங்குகிறேன். மொத்தம் 2400 பின்” என்று பெருக்கியும் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்கும் முறை

இல்லையா, முடியாதா, வராதா என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்த சகோதரிக்கு நேர்ந்தது போதும். “இருக்கிறதா?” என்று கேளுங்கள். அதைவிட மேலானது, ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி. “என்னென்ன நிறங்கள் இருக்கின்றன? ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை துணிகள் தருவீர்கள்?” இதற்கு “யெஸ் டியர்” என்று பதில் வராது. வந்தால், அவருக்கு நம் கேள்வி புரியவில்லை என்பது நமக்குப் புரிந்துவிடும்.

“ஓகே” என்று வரும் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அதன் பொருள், “உங்கள் செய்தி கிடைத்தது” என்பது மட்டுமே. “பிரச்சினை இருக்காது”, “பெரும்பாலும் சரியாக இருக்கும்”, “முயற்சி செய்கிறோம்” என்பவற்றையும் உறுதியாகக் கொள்ளாதீர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுவது நம்மிடமும் உண்டு அல்லவா? “இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்” என்று நாம் இழுப்பதை வெளியூர்க்காரர் எப்படிப் புரிந்துகொள்வார்? அது அந்தச் சொல்லின் கண்ணியத்துக்கும் சரியல்ல, ஆனாலும் நடக்கிறது. அதனால், “முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்” என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

“டெலிவரி டைம் 15 நாள்” என்று எழுதுவார்கள். பொருள் நம் கையில் 15 நாளில் வந்துவிடும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அவர்கள் சொல்வது, சரக்கு தயாராகி அவர்கள் இடத்திலிருந்து கிளம்ப ஆகும் நாளை. பயண நாள் தனி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தாய்மார்களுக்காக ஒரு சிறு விளக்கம். “டியர்” என்று வருவதைப் பார்த்து ஒரு வீட்டில் சங்கடமே வந்துவிட்டது. சீன இணையக் கடைகளில் வாடிக்கையாளரை அன்பாக விளிக்க ஒரு சொல் வழக்கத்தில் இருக்கிறது. ஆண், பெண் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். அதைத்தான் ஆங்கிலத்தில் “டியர்” என்று போடுகிறார்கள். நம் கடைக்காரர் “வாங்கம்மா” என்பதுபோல் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால், “என்னைக் கடையின் பெயரால் அழையுங்கள்” என்று எழுதினால் மாற்றிக்கொள்வார்கள். இதற்காக ஒரு பெண்ணின் தொழிலை நிறுத்திவிடாதீர்கள்.

திருப்பிப் பார்த்தல்

நாம் எழுதியதை இயந்திரம் சீனத்தில் மாற்றிக் கொடுக்கும். நமக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்தச் சீன வாசகத்தை அப்படியே எடுத்து, வேறொரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு மீண்டும் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிப் பாருங்கள. நாம் சொன்னதே திரும்பி வந்தால் அனுப்புங்கள். வேறாக வந்தால் வாக்கியத்தை இன்னும் எளிதாக்குங்கள். இரண்டு நிமிட வேலை.

அவரையும் சீனத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அவருக்குச் சரியாக வராத ஆங்கிலத்தைவிட, அவருடைய சொந்த மொழியில் தெளிவாக எழுதியதை நாம் மொழிபெயர்ப்பது மேல். மூல வாசகமும் நம்மிடம் இருக்கும்; சந்தேகம் வந்தால் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டலாம்.

சொல்லால் முடியாததைப் படத்தால் சொல்லுங்கள். துணியின் மேல் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். எந்த இடத்தில் பட்டன் வேண்டுமோ அங்கே வட்டம் போடுங்கள். நிறத்தைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள். மெரூன் என்றால் பத்துக் கடையில் பத்து மெரூன். முடிந்தால் முதலில் ஒரு மாதிரிப் பொருளுக்குப் பணம் கொடுத்து வரவழையுங்கள். 300 துணிக்கான பணத்தை இழப்பதைவிட ஒரு துணிக்கான கூரியர் செலவு பெரிதல்ல.

கடைசியாக, பணம் கட்டும் முன் இந்தப் பட்டியலை அனுப்புங்கள்:

1. பொருள்: ஹிஜாப் துணி. நான் அனுப்பிய படம் எண் 3-இல் உள்ளது.
2. நூல்: எத்தனை சதவீதம் எந்த நூல்.
3. அளவு: நீளம் 180 செ.மீ. அகலம் 75 செ.மீ.
4. நிறமும் எண்ணிக்கையும்: கறுப்பு 50, வெள்ளை 50, சாம்பல் 50, நீலம் 50, மெரூன் 50, காபி 50. மொத்தம் 300.
5. ஒரு துணியின் விலை. மொத்த விலை. அனுப்பும் செலவு இதில் சேர்ந்ததா, தனியா.
6. உங்கள் இடத்திலிருந்து கிளம்பும் தேதி. எந்த வழியாக வரும்.
7. தவறான பொருள் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்.

கீழே இப்படி எழுதுங்கள்: “ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகப் பதில் எழுதுங்கள். ஏழு பதில்களும் வந்த பிறகுதான் நான் பணம் செலுத்துவேன்.”

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை அடங்கிய அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பக்கத்துத் தெருக்காரரோடு செய்வதற்கே எழுத்து வேண்டும் என்றால், முகம் பார்க்காத, மொழி தெரியாத ஒருவரோடு செய்வதற்கு எவ்வளவு வேண்டும்!

நமக்கென்று கேட்க வேண்டியவை

சில கேள்விகள் நம் குடும்பங்களுக்கே உரியவை. செருப்பு, பர்ஸ், பெல்ட் வாங்கும்போது “ஒரிஜினல் லெதர்” என்று போட்டிருந்தால் நாம் மகிழ்கிறோம். அது எந்தப் பிராணியின் தோல்? சீனாவில் செருப்பின் உள்பக்கத்துக்குப் பன்றித் தோல் வைப்பது சாதாரணம். தலைவாரும் பிரஷ், பெயிண்ட் பிரஷ், சமையல் பிரஷ் ஆகியவற்றில் “இயற்கை முடி” என்று இருந்தால் அது பெரும்பாலும் பன்றி முடி. “நல்ல தோல்தானே?” என்று கேட்டால் “யெஸ்” என்பார். “இது எந்தப் பிராணியின் தோல்? மாடு, ஆடு, பன்றி, செயற்கை. நான்கில் ஒன்றை எழுதுங்கள்” என்று கேளுங்கள். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

உணவுப் பொருளில் இன்னும் கவனம் வேண்டும். சீன மொழியில் இறைச்சி என்று பொதுவாகச் சொன்னால் பன்றி இறைச்சியையே குறிக்கும். ஹலாலுக்கு அங்கே “ச்சிங்ஜென்” என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஹலால் என்று எழுதினால் அந்தச் சொல் வருகிறதா என்று பாருங்கள்.

ஆண்களுக்குப் பட்டு கூடாது என்பதால் சட்டைத் துணியிலும் கேட்க வேண்டும். “ஐஸ் சில்க்” என்று வருவது பட்டே அல்ல, பெரும்பாலும் செயற்கை நூல். “சாட்டின்” என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அல்ல. நாம் வாங்குவதற்கு மட்டுமல்ல, நம்மிடம் வாங்குகிறவர்களிடம் பொய் சொல்லாமல் இருக்கவும் இது தெரிய வேண்டும். பாலியெஸ்டரைப் பட்டு என்று விற்றுவிட்டு, “சீனாக்காரன் அப்படித்தான் எழுதியிருந்தான்” என்று சொன்னால் நம் பொறுப்பு தீராது.

அங்கேயும் நம் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சில்லறைப் பொருள் சந்தைக்குப் பெயர்பெற்ற யீவூ நகரத்திலும் குவாங்சோவிலும் பள்ளிவாசல்களும் ஹலால் உணவகங்களும் உண்டு. அரபு வியாபாரிகளுக்காக அரபி மொழிபெயர்க்கும் சீன முஸ்லிம்கள் யீவூவில் இருக்கிறார்கள். அதற்காக, ஒருவர் ஸலாம் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஸலாத்துக்குப் பதில் சொல்லுங்கள், பட்டியலையும் அனுப்புங்கள்.

நேரமும் பணமும்

சீனாவின் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அவர்கள் காலை 9 மணிக்கு வேலையைத் தொடங்கும்போது நமக்கு 6.30. மாலை 6 மணிக்கு முடிக்கும்போது நமக்கு 3.30. நாம் கடையைச் சாத்திவிட்டு இரவு 10 மணிக்கு எழுதினால் அவருக்கு நள்ளிரவு தாண்டி 12.30. அவசரத்தில் வரும் பதிலில்தான் பிழைகள் அதிகம். ஃபஜ்ருத் தொழுதுவிட்டு, குர்ஆன் ஓதி முடித்த பின் எழுதுங்கள். நமக்கும் மனம் தெளிவாக இருக்கும், அவரும் அப்போதுதான் மேசைக்கு வந்திருப்பார்.

ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அவர்களுடைய புத்தாண்டு வரும். அந்தச் சமயம் தொழிற்சாலைகள் வாரக் கணக்கில் மூடிக் கிடக்கும். அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. ரமளான், பெருநாள் சரக்குக்கு இதைக் கணக்கில் வைத்தே நாள் குறிக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் வாங்கும் தளத்தின் உள்ளேயே பேசுங்கள், உள்ளேயே கட்டுங்கள். “வெளியே கட்டினால் விலை குறையும்” என்றால் வேண்டாம். நடுவில் திடீரென்று, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்கில் போடுங்கள்” என்று செய்தி வந்தால் நின்றுவிடுங்கள். வேறொருவர் அவர்களுடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து எழுதுவது உலகெங்கும் நடக்கும் மோசடி. மொழி தெரியாததால் நடை மாறியதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. முன்பு பேசிய அதே ஆளை வீடியோ அழைப்பில் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். தெரிந்தவர் மூலம், கையில் கொடுத்து அங்கே வாங்கிக்கொள்ளும் வழியும் வேண்டாம். அது சட்ட விரோதம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

விற்பனைக்காக இறக்குமதி செய்பவருக்கு ஐ.இ.சி. எண் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பொம்மை, சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயம்; அது இல்லாமல் வாங்கினால் சுங்கத்தில் நின்றுவிடும். விற்பனையாளரே சில நேரம், “விலையைக் குறைத்துப் போடட்டுமா? அன்பளிப்பு என்று எழுதட்டுமா?” என்று கேட்பார். அவருக்கு அது உதவியாகத் தோன்றலாம். நமக்கு அது பொய் சாட்சி, குற்றமும்கூட. “உண்மையான விலையை எழுதுங்கள்” என்று ஒரே வரியில் பதில் அனுப்புங்கள்.

பெட்டி வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும். பிரிப்பது, எண்ணுவது, அளப்பது எல்லாம் நிறுத்தாமல் ஒரே பதிவில் இருக்க வேண்டும். குறை இருந்தால் தளம் கொடுத்திருக்கும் நாளுக்குள் எழுத வேண்டும். திட்டி எழுதாதீர்கள். கோபச் சொற்களை இயந்திரம் இன்னும் கொடுமையாக மாற்றிவிடும். “நான் கேட்டது 50 கறுப்பு. வந்தது 0 கறுப்பு. படம் இதோ. எனக்கு இது வேண்டும்” என்று நான்கு வரி போதும். எதிரே இருப்பவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம்.

நாங்கள் செய்யப் போவது

அந்த 300 துணிகளுக்குப் பிறகு நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து பேசினோம். இனி வெளிநாட்டுச் சரக்குக்காகக் கடன் கேட்டு வருவோரிடம் விலைக் கணக்கை மட்டும் பார்க்க மாட்டோம். ஏழு கேள்விகளுக்கும் விற்பனையாளர் கொடுத்த பதிலையும் அவர்களோடு சேர்ந்து படித்துப் பார்ப்போம். அதன் பிறகே பணம் தருவோம். இது சந்தேகப்பட்டு அல்ல. ஒரு கண்ணுக்கு இரண்டு கண்ணாக இருக்கட்டும் என்றுதான்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கணினியோடு இரண்டு தம்பிகள் இருப்பார்கள். சகோதரிகளுக்கு ஞாயிறு காலை பெண்கள் பகுதியில் தனியாக ஏற்பாடு செய்திருக்கிறோம். கடன் வாங்கியவர்கள்தான் வர வேண்டும் என்பதில்லை. 500 ரூபாய்ப் பொருள் வாங்குவதாக இருந்தாலும், அனுப்பும் முன் காட்டிவிட்டுப் போகலாம். முன்பே வாங்கிக் கைசுட்டவர்களும் வந்து சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. உங்கள் நஷ்டம் இன்னொரு வீட்டுக்குப் பாதுகாப்பாக ஆனால் அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

போகும்போது வாசலில் அந்த ஏழு வரிப் பட்டியல் அச்சடித்து வைத்திருக்கிறோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் காபி நிற ஹிஜாபுகளும் அங்கேயே மேசையில் இருக்கின்றன. பூவேலை நன்றாக இருக்கிறது. வேண்டியவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வார்த்தைகளில் தெளிவையும், நம் வியாபாரத்தில் நேர்மையையும், நம் ரிஸ்கில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.